முதுகில் மூட்டை, தலைக்கு மேலே மழை!

சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை வழிந்தோடாமல் தேக்கி வைத்தால், சராசரியாக 1,400 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கழுத்துக்கு மேல் வரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தலையே மூழ்கிவிடும். அது ஓர் ஆண்டு மழை. ஆனால் 2019 மார்ச் மாதக் கடைசியில், உலகின் ஒரு மூலையில் இரண்டே நாளில் 1,086 மில்லிமீட்டர் மழை கொட்டியது! அந்த வெள்ளத்தில் வைஹோ என்ற ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது.

அப்படிப்பட்ட ஊருக்கு யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா? போகிறார்கள்! அதுவும் முதுகில் ஒரு பெரிய பையை மாட்டிக்கொண்டு, காலால் நடந்து!

எங்கே இருக்கிறது?

உலக வரைபடத்தை எடுத்து விரியுங்கள். ஆஸ்திரேலியாவுக்குத் தென்கிழக்கே இரண்டு நீளமான தீவுகள் தெரிகின்றனவா? அதுதான் நியூசிலாந்து. அதில் தெற்குத் தீவின் மேற்குக் கடற்கரைதான் நம் கதை நடக்கும் இடம். ஏறக்குறைய 600 கிலோமீட்டர் நீளமான கரை. அங்கே வசிப்பவர்கள் மொத்தமே 33 ஆயிரம் பேர் அளவில்தான். நம் ஊரில் ஒரு சின்ன நகராட்சியிலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஏன் இவ்வளவு மழை? இது நீங்கள் புவியியலில் படித்த பாடம்தான் (எங்கள் காலத்தில் பூகோளம் என்போம்). அங்கே ஆண்டு முழுவதும் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 40 டிகிரி அட்சரேகையைத் தாண்டினால் இந்தக் காற்று உறுமிக்கொண்டே இருக்கும் என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள். தாஸ்மான் கடலைக் கடந்து வரும்போது அந்தக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கரைக்கு வந்தால், எதிரே தெற்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. அதன் உயரமான சிகரம் 3,724 மீட்டர். காற்று மேலே ஏறியே ஆகவேண்டும். ஏற ஏறக் குளிரும், குளிர்ந்தால் மழை!

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தை நனைத்துவிட்டு, மலைக்கு இந்தப் பக்கம் நம்மைக் காயவிடுகிறது அல்லவா? அதே கதைதான். மேற்குக் கரையில் உள்ள ஹோக்கிடிகா ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,900 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அந்தப் புறம் உள்ள கிறைஸ்ட்சர்ச் நகரில் 600 சொச்சம்தான். ஹோக்கிடிகாவுக்கு உள்ளே தள்ளி, மலைக்குள் ஓடும் கிராப் ஆற்றின் பக்கம் ஆண்டு மழை 11 ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு நாள் மழையும் அங்கேதான் அளக்கப்பட்டது.

பைக்குள் ஒரு பை

என்னிடம் நான்காம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி, மேற்படிப்புக்கு நியூசிலாந்து போனவள், கோடை விடுமுறையில் இந்தக் கரையில் இரண்டு வாரம் சுற்றிவிட்டு எனக்கு நீண்ட கடிதம் எழுதினாள். (அவர்களுக்குக் கோடை டிசம்பரில் தொடங்கும். ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்!)

கரை நெடுகத் தொடர்ச்சியான ஒற்றையடிப் பாதை ஒன்றும் கிடையாது. கொஞ்சதூரம் பேருந்து, கொஞ்சதூரம் நடை என்றுதான் போகவேண்டும். வடக்கே 78 கிலோமீட்டர் நீளமுள்ள ஹீஃபி பாதை புகழ்பெற்றது. மலை தாண்டி வந்து, நிகாவு என்ற பனைமரங்களுக்கு நடுவே கடற்கரையில் இறங்கும் பாதை அது. தெற்கே வந்தால் புனகைகி. அங்கே சுண்ணாம்புப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோசை போல நிற்கின்றன. கடல் பொங்கும்போது பாறை இடுக்குகள் வழியாகத் தண்ணீர் புஸ்ஸென்று மேலே பீறிடும். அதற்கும் தெற்கே போனால் பனியாறுகள்.

"டீச்சர், பையின்மேல் போடும் மழை உறையை முதல் நாளே காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது" என்று எழுதியிருந்தாள். அதனால் அனுபவசாலிகள் வெளியே உறை போடுவதை நம்பமாட்டார்களாம். பைக்கு உள்ளே ஒரு பெரிய, தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் துணிமணிகளை வைத்து, வாயை முறுக்கிக் கட்டிவிடுவார்கள். பை நனைந்தாலும் துணி நனையாது.

இன்னொரு செய்தி. அங்கே பருத்தி உடைக்கு மதிப்பில்லை! நமக்குப் பருத்திதான் சுகம். ஆனால் குளிர் மழையில் பருத்தி நனைந்தால் தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொண்டு உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கம்பளி ஆடை நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். செம்மறி ஆடு மழையில் நின்று மேய்வதைப் பார்த்தால் இது புரியும்.

வேலைக்குச் சாப்பாடு

இரவு எங்கே தங்குவது? பண்ணை வீடுகளில்!

1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சூ கொப்பர்ட் என்ற பெண்மணி லண்டனில் செயலாளராக வேலை பார்த்துவந்தார். நகரத்திலேயே அடைந்து கிடக்கும் தன்னைப் போன்றவர்கள் வார இறுதியில் கிராமத்துக்குப் போய் வேலை செய்தால் என்ன என்று நினைத்தார். இயற்கை வேளாண் பண்ணை ஒன்றில் சிலருடன் போய் உழைத்தார். அவர்களுக்குப் பண்ணையில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. அந்தச் சின்ன யோசனை 'வூஃப்' என்ற பெயரில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது. நாளுக்கு நான்கு முதல் ஆறு மணிநேரம் வேலை; பதிலுக்கு உணவும் இடமும். பணம் கைமாறுவதில்லை. ஆனாலும் நியூசிலாந்து அரசு இதை வேலை என்றே கணக்கில் கொள்ளும். அதனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு அதற்கு ஏற்ற விசா வேண்டும். இதே வழக்கத்தை வேறு பண்ணைகளும் பின்பற்றுகின்றன.

என் மாணவி தங்கியது ஒரு பால் பண்ணை. கன்றுகளுக்குப் பால் ஊட்டுவது, கொட்டகையைப் பீய்ச்சுக் குழாயால் கழுவுவது, வேலிக் கம்பியைச் சரிபார்ப்பது, இவையெல்லாம் அவள் வேலை. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் அங்கே ஓர் அடி வைக்க முடியாது. நடைக்கான பூட்ஸ் நனைந்துவிட்டால், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அடுப்பங்கரையில் வைத்துவிடுவார்களாம். காலையில் காகிதம் ஈரத்தைக் குடித்திருக்கும்.

அவள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நிலத்தைப் பற்றியதுதான். புல்வெளி சமமாக இல்லையாம். கடல் அலை உறைந்தது போல மேடும் பள்ளமும், மேடும் பள்ளமுமாக வரிசையாக இருந்ததாம். இயற்கையாக வந்ததல்ல அது! அந்தப் பகுதியில் பல இடங்களில் மண்ணுக்கு அடியில் இரும்புச் சத்து இறுகிப்போய்த் தகடு போல ஒரு படலம் இருக்கும். மழைத் தண்ணீர் கீழே இறங்காது. மேலேயே தேங்கிப் புல் அழுகிவிடும். அதனால் விவசாயிகள் பெரிய இயந்திரங்களைக் கொண்டு நிலத்தையே மேடு பள்ளமாகச் செதுக்கிவிட்டார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்துக்குப் போகும். பள்ளம் வாய்க்காலில் சேர்க்கும். மேட்டில் மாடு மேயும். நம் ஊரில் தண்ணீரைத் தேக்குவதற்கு வரப்பு கட்டுகிறோம். அவர்கள் தண்ணீரை விரட்டுவதற்கு நிலத்தை மாற்றுகிறார்கள்!

கல் உருளும் சத்தம்

மூன்றாம் நாள் அவள் கிளம்பவேண்டும். பேருந்து நாளுக்கு ஒன்றுதான். அடுத்த ஊரில் தங்குவதற்குப் பணமும் கட்டியாகிவிட்டது. நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் ஓர் ஓடை உண்டு. வந்த அன்று கணுக்கால் அளவுதான் தண்ணீர். கல்மேல் கல்லாகத் தாண்டி வந்திருந்தாள். ஆனால் அன்று இரவு முழுக்க மழை.

பண்ணைக்காரருடைய பதினொரு வயது மகன் ஓடைவரை கூட வந்தான். தண்ணீர் பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுதான் இருக்கும் போலத் தெரிந்தது. "சமாளித்துவிடலாம்" என்று இவள் பூட்ஸ் கயிற்றை இறுக்கினாள். பையன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கொஞ்சம் பேசாமல் கேளுங்கள். சத்தம் வருகிறதா?"

தண்ணீர் இரைச்சலுக்குக் கீழே, தூரத்தில் இடி இடிப்பதுபோல, கட... கட... என்று ஏதோ கேட்டது.

"அடியில் பாறைகள் உருள்கின்றன. பாறையையே உருட்டுகிற தண்ணீர் உங்களை விடுமா?"

அவன் சொன்னது சரியான கணக்கு. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்! ஆழம் கொஞ்சம்தானே என்று பார்க்கக் கூடாது. நிறம் கலங்கினால், மரக்கிளைகள் மிதந்து வந்தால், கல் உருளும் ஒலி கேட்டால், இறங்கக் கூடாது. 'சந்தேகம் வந்தால் இறங்காதே' என்பது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தரப்படுகிறது. காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறியவர்களில் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தவர்கள் ஏராளம். அதற்கு 'நியூசிலாந்து மரணம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவள் பண்ணைக்கே திரும்பினாள். பேருந்து போயிற்று; கட்டிய பணமும் போயிற்று. பகலெல்லாம் கன்றுக் கொட்டகையில் வேலை. மாலையில் மழை விட்டது. மலையிலிருந்து நேராகக் கடலுக்கு இறங்கும் சின்ன ஓடைகள் எவ்வளவு வேகமாகப் பெருகுமோ, அவ்வளவு வேகமாக வடியவும் செய்யும். மறுநாள் காலையில் அதே இடத்தில் தண்ணீர் தெளிந்து, அடியில் கூழாங்கல் தெரிந்ததாம். முதல் நாள் அங்கே இல்லாத, குத்துச்சட்டி அளவு பாறை ஒன்று நட்டநடுவில் கிடந்ததாம்!

550 நாள் நடந்தவர்

இதே கரையில் ஐரோப்பியர்கள் முதலில் நடந்தபோது பேருந்தும் இல்லை, பண்ணையும் இல்லை. 1846ஆம் ஆண்டு தாமஸ் பிரன்னர், சார்லஸ் ஹீஃபி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் கெஹு என்ற மாவோரி. மாவோரிகள்தான் அந்த நாட்டின் ஆதிக்குடிகள். புனகைகிக்கு அருகே செங்குத்தான ஒரு பாறையை, காட்டுக்கொடியால் கட்டிய இற்றுப்போன ஏணிகளில் தொற்றிக் கடந்தார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் பிரன்னர் மறுபடி புறப்பட்டார். கெஹுவும் இன்னொரு மாவோரி ஆணும் இருவருடைய மனைவியரும் உடன் வந்தார்கள். திரும்பி வர ஏறக்குறைய 550 நாள் ஆயிற்று! விடாத மழை, வெள்ளம், பசி. பெரணிக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். ஒரு கட்டத்தில் வேறு வழியின்றித் தன் நாயையே கொன்று தின்றார் பிரன்னர். 'நாய் தின்றவர்' என்று மாவோரிகள் அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கடற்கரைக்கு வந்து சேர்ந்தபிறகு, மாவோரிக் கிராமங்கள்தான் அவர்களுக்கு இடமும் உணவும் கொடுத்தன.

திரும்பும் வழியில் பிரன்னருக்கு ஒரு கால் செயலிழந்துவிட்டது. கூட வந்த மற்ற இருவரும் போய்விட நினைத்தார்கள். கெஹு மறுத்துவிட்டார். தன் மனைவியுடன் அவர் பக்கத்திலேயே தங்கி, உணவு தேடிக் கொடுத்து, 1848 ஜூன் மாதம் ஊர் கொண்டுவந்து சேர்த்தார். வரைபடத்தில் பிரன்னர் பெயரில் ஏரி இருக்கிறது. ஹீஃபி பெயரில் பாதை இருக்கிறது. கெஹு பெயரையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

குடிசையில் ஒரு நோட்டு

காட்டுக்குள் பண்ணை கிடையாது. அங்கே நடப்பவர்களுக்காக அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நாடு முழுவதும் 900க்கும் மேற்பட்ட குடிசைகளைப் பராமரிக்கிறது. பங்க் கட்டில், மேசை, பல இடங்களில் விறகடுப்பு. வாசலில் பூட்ஸைக் கழற்றி வைக்கும்போது ஜாக்கிரதை! வேகா என்ற பறக்கத் தெரியாத பறவை ஒன்று உண்டு. உணவு, ஸ்பூன், சாக்ஸ் எதையும் விடாது, கவ்விக்கொண்டு ஓடிவிடும். மணல் ஈக்கள் வேறு. கொசுவைவிடச் சிறியது, கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். நல்ல வேளையாக, பலத்த மழையில் அவை வருவதில்லை.

ஒவ்வொரு குடிசையிலும் ஒரு நோட்டு இருக்கும். வருபவர்கள் பெயர், தேதி, எத்தனை பேர், அடுத்து எந்த வழியாக எங்கே போகிறோம் என்று எழுதிவைக்க வேண்டும். யாராவது காணாமல் போனால், தேடுபவர்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த நோட்டைத்தான். கிளம்புமுன் ஈர விறகை உள்ளே அடுக்கி, அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் காய்ந்த விறகை விட்டுச் செல்ல வேண்டும். அடுத்து வருபவர் நனைந்துகொண்டு வருவார் அல்லவா?

என் மாணவியும் நோட்டில் எழுதினாளாம். அவளுக்கு முந்தைய பக்கத்தில் யாரோ ஒருவர் தேதி போட்டு எழுதியிருந்தது ஒரே வரி: 'ஆறு பெருகிவிட்டது, இரண்டு நாள் இங்கேயே இருந்தேன், சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைகிறது.'