லட்டு தெளிவு... பெரியப்பா கலங்கல்!

என் கம்ப்யூட்டரில் 14,000 போட்டோக்கள் இருக்கின்றன.

முட்டுக்காடு கழிமுகத்தில் சூரியோதயம் மட்டும் 600. மீன்கொத்தி 230. (அதில் பாதிக்கு மேல் மீன்கொத்தி கிளம்பிப் போன பிறகு எடுத்தவை. கிளை மட்டும் பிரமாதமாக விழுந்திருக்கும்!) பனித்துளி, பட்டாம்பூச்சி, பக்கத்து வீட்டுப் பூனை, தாழம்பூர் ஏரித் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் ஐ.டி. கட்டடங்கள்... எல்லாம் உண்டு.

பெரியப்பா படம்தான் இல்லை.

இது எப்போது தெரிந்தது என்றால், அவர் காலமான அன்று ராத்திரி பதினோரு மணிக்கு. நாவலூரில், இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற பக்கத்தில் ஒரு காலத்தில் ஏர் ஓட்டியவர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா பார்த்தவர். விடிவதற்குள் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் தயாராக வேண்டும். அண்ணன் அழுத கண்ணோடு என்னைத்தான் பார்த்தார்.

"டேய், நீதான் எந்நேரமும் கேமராவோட சுத்துறியே... அப்பா போட்டோ நல்லதா ஒண்ணு குடுடா."

தேடினேன். தேடினேன். கடைசியில் ஒன்று சிக்கியது. வீட்டு மஞ்சள் நீராட்டு விழாவில் எடுத்தது. முன்னால் சீர்வரிசைத் தட்டு. பின்னால் பெரியப்பா, வாய் நிறையச் சிரிப்போடு. அள்ளிக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக்கு ஓடினேன். கடைக்காரப் பையன் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"சார், லட்டு சூப்பரா இருக்கு. முந்திரி வரைக்கும் தெரியுது. பெரியவருதான் கலங்கலா இருக்காரு."

கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். அந்தப் படம் பெரியப்பா மாதிரி இல்லை. பெரியப்பாவைத் தேடி போலீஸ் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தது. பதினாறாம் நாள் வரை அந்த ஃபிளெக்ஸைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போனேன்.

அதன் பிறகுதான் கேமராவை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றதில் உங்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் சொல்கிறேன். கேமரா இல்லாவிட்டால் செல்போன் போதும்.

லட்டு ஏன் தெளிந்தது?

அன்று என் கேமராவில் இருந்தது 50 எம்.எம். லென்ஸ். அதில் எஃப் 1.8 என்று ஓர் எண் உண்டு. காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று எப்போதும் அந்த எண்ணிலேயே வைத்திருப்பேன். பின்னணி மங்கலாகும், சினிமா மாதிரி இருக்கும் என்ற ஆசை.

அங்கேதான் வினை. எஃப் 1.8-இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்தால், சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் தெளிவாக விழுகிற ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும்! கேமரா பாவம், தனக்குக் கிட்டே இருந்த லட்டைப் பிடித்துக்கொண்டது. ஒரு மீட்டர் பின்னால் சிரித்த மனிதரை விட்டுவிட்டது.

மருந்து சுலபம். ஒருவரை எடுக்க எஃப் 4. முன்னும் பின்னுமாக இருவர் என்றால் எஃப் 5.6. குடும்பமே வரிசை கட்டி நின்றால் எஃப் 8. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் இஷ்டத்துக்கு விடாமல் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நமக்குக் கிட்டே இருக்கிற கண்ணின் மேல் பதியுங்கள். செல்போனில் முகத்தின் மேல் விரலால் ஒரு தட்டு. கண் தெளிவாக இருந்துவிட்டால் மற்றதை எல்லோரும் மன்னித்துவிடுவார்கள்.

டெபிட்டும் கிரெடிட்டும்

நான் பி.காம். அதனால் எனக்கு இது கணக்காகத்தான் புரிந்தது. கேமராவுக்குள் வெளிச்சம் வருவதைத் தீர்மானிப்பவை மூன்று: லென்ஸின் துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்கிற உணர்திறன்.

எஃப் எண் ஏறினால் துவாரம் சிறுக்கும். குழம்ப வேண்டாம், அது வகுக்கிற எண். 50 எம்.எம். லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மில்லிமீட்டர். எஃப் 10 என்றால் வெறும் 5. எஃப் 2.8, 4, 5.6, 8 என்று ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டர் 1/60-லிருந்து 1/125 ஆனாலும் வெளிச்சம் பாதி. ஐ.எஸ்.ஓ. 100-லிருந்து 200 ஆனால் படம் இரண்டு மடங்கு பளிச்.

ஆக, ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும். எஃப் 4-லிருந்து 5.6-க்குப் போனீர்களா? ஐ.எஸ்.ஓ.வை 400-லிருந்து 800 ஆக்குங்கள். கணக்கு டாலி! ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் படத்தில் மணல் தூவியது மாதிரி புள்ளி வரும். வரட்டுமே. புள்ளி விழுந்த படத்தை ஃபிரேம் போடலாம். ஆடிய படத்தைப் போட முடியாது.

ஆட்டம் குளோஸ்!

படம் ஆடுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, நம் கை. 50 எம்.எம். லென்ஸ் என்றால் 1/80 செகண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். இடது கையை லென்ஸுக்கு அடியில் தாங்கல் கொடுங்கள். முழங்கை இரண்டும் விலாவை ஒட்டட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பட்டனை மெதுவாக அழுத்துங்கள். காலிங் பெல் அடிக்கிற மாதிரி குத்தாதீர்கள்.

இரண்டு, எதிரே இருப்பவர். பேசுகிறவருக்கு 1/125, ஓடுகிற குழந்தைக்கு 1/500 வேண்டும். 'என் கேமராவில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கே' என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும். உங்கள் பையனைத் தடுக்காது. அவனை யாராலும் தடுக்க முடியாது.

வெள்ளை வேட்டி விவகாரம்

கேமராவின் மீட்டருக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு. உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது நம்புகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றால், 'அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!' என்று பயந்து படத்தை இருட்டாக்கும். சட்டை அழுக்காகும், முகம் கரியாகும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவரை எடுத்தாலும் இதே கதிதான்.

கேமராவில் கூட்டல், கழித்தல் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். வேட்டி சட்டைக்கு அதைக் கூட்டல் 1 வையுங்கள். கறுப்புக் கோட்டு வக்கீல் என்றால் கழித்தல் 1. செல்போனில் முகத்தைத் தட்டியதும் பக்கத்தில் குட்டிச் சூரியன் தோன்றும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம், கீழே இழுத்தால் இருட்டு. அதற்கு முன், தயவுசெய்து செல்போன் லென்ஸைச் சட்டையில் ஒரு தரம் துடையுங்கள். பஜ்ஜி எண்ணெய் படிந்த லென்ஸில் எடுத்துவிட்டு 'ஒரே பனிமூட்டம்' என்று சொல்பவர்கள் என் ஆபீஸிலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இன்னொன்று. செல்போனின் பிரதான லென்ஸ் அகலக் கோணம். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு பெருத்து, காது காணாமல் போகும். இரண்டு அடி பின்னால் போய், 2 மடங்கு ஜூம் வையுங்கள். மூக்கு பழைய அளவுக்கு வந்துவிடும்.

காசில்லாத லைட்

ஒரு தரம் விடியற்காலை மாமல்லபுரம் போங்கள். நாவலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். அர்ஜுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. காலை ஏழு மணி வெயில் அதன் மேல் விழும்போது யானையின் ஒவ்வொரு மடிப்பும் எழுந்து நிற்கும். அதே பாறைக்குச் சாயங்காலம் போனால் நிழலில் சப்பென்று கிடக்கும். சிற்பியும் அதே, கேமராவும் அதே. மாறியது வெளிச்சம்தான்.

வீட்டில் அந்த வெளிச்சம் வாசற்படியில் இருக்கிறது. வெயில் நேரே விழாத வாசலாகப் பாருங்கள். ஆளை வாசலுக்கு ஓரடி உள்ளே, முகம் பாதி வெளியே பார்க்கிற மாதிரி உட்கார வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் முகத்தின் நிறம் கெடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருக்கிற வெளிச்சத்தையே நம்பிப் பேர் வாங்கியவர் பாலுமகேந்திரா. 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை' ஒளிப்பதிவுக்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. நமக்கு ஒரு நல்ல போட்டோ கிடைக்காதா?

'எந்த கேமரா வாங்கலாம் சார்?'

வாரம் நாலு பேராவது கேட்கிறார்கள். லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி. 1858-இல் பெட்டி பெட்டியாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர் என்று போனார். ஃபிலிமே கண்டுபிடிக்காத காலம், காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். நம் மா. கிருஷ்ணன் (1912–96) காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வேறு வைத்தார்!

நாம் என்னடா என்றால், இ.எம்.ஐ. முடிவதற்குள் அடுத்த மாடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். எனவே என் பதில்: கையில் இருப்பதை வைத்து நூறு முகம் எடுங்கள். அப்புறம் கேளுங்கள்.

வாசற்படியில் பெரியம்மா

போன பொங்கலுக்கு மறுநாள் பெரியம்மாவை வாசற்படியில் உட்கார வைத்தேன்.

"என்னை எதுக்குடா எடுக்கற? மூஞ்சியெல்லாம் சுருக்கம்."

"சும்மா உக்காரு பெரியம்மா. அந்தக் காலத்துல இந்த ரோட்டுல பஸ் வந்த கதைய சொல்லு."

சொல்ல ஆரம்பித்தாள். 2008-இல் ராஜீவ் காந்தி சாலை என்று பேர் வாங்கிய அதே ரோடுதான். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கையை நீட்டி, நீட்டிக் காட்டினாள். கதை சுவாரசியத்தில் கேமராவை மறந்துவிட்டாள். எஃப் 4, 1/125, ஐ.எஸ்.ஓ. 400. கிட்டே இருந்த கண்ணில் ஃபோகஸ். முப்பது எடுத்தேன். ஒன்று தேறியது.

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான் இவ்ளோ கிழவியாவா ஆயிட்டேன்?" என்றாள். திருப்பிக் கொடுக்கவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"உங்க பெரியப்பாவ இந்த மாதிரி ஒண்ணு எடுத்து வச்சிருக்கலாமேடா?"

என்னிடம் பதில் இல்லை.

உங்களுக்கு அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்குத்தான் இத்தனையும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, காபி குடித்ததும் அப்பாவையோ அம்மாவையோ வாசலில் உட்கார வையுங்கள். கண்ணில் ஃபோகஸ். பத்து நிமிஷ வேலை. மறக்காமல் பிரிண்ட் போடுங்கள். செல்போன் தொலையும், ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போடும், சுவரில் ஆணியடித்து மாட்டியது நிற்கும்.

அப்புறம் ஒரு விஷயம். பக்கத்தில் லட்டுத் தட்டு ஏதாவது இருந்தால், முதலில் தின்று தீர்த்துவிடுங்கள்.