பேசிய கம்பி, பேசாத கம்பி

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், லேண்ட்லைன் போனை எடுத்தவுடன் கொரகொரவென்று சத்தம் கேட்கும். வீட்டு நெட் ஏன் நொண்டுகிறது என்பதற்கு அன்று அந்தச் சத்தமே பாதி பதிலைச் சொல்லிவிடும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியபோது வீடுகளுக்குப் புதிதாகக் கம்பி இழுக்கவில்லை. பல ஆண்டுகளாகப் பேச்சை மட்டும் சுமந்துவந்த செப்புக் கம்பியிலேயே டேட்டாவையும் ஏற்றினார்கள். பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரை போதும், டேட்டாவைச் சுமக்கும் ஏ.டி.எஸ்.எல். நுட்பம் அதற்கு மேலே, சுமார் 25 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் ஓடியது. 256 கேபிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று 2004ஆம் ஆண்டின் அரசுக் கொள்கை வரையறுத்திருந்த காலம்.

அந்நாட்களில் 198க்குப் போன் போட்டுப் புகார் சொன்னால் லைன்மேன் வருவார். மோடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சுவரிலிருக்கும் ரோசட் பெட்டியைக் கழற்றி, கையில் கொண்டுவந்த டெஸ்ட் போனைக் கம்பியில் மாட்டிக் காதில் வைப்பார். சத்தம் இருக்கிறதா? வாசலுக்குப் போவார். அங்கும் இருந்தால் கம்பத்துப் பெட்டி, அதற்கடுத்து தெருமுனை பில்லர். எந்த இடத்தில் சத்தம் மறைகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. பெரும்பாலும் அது ஒரு ஜாயிண்டாக இருக்கும். டேப் சுற்றிய இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி, செம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டி, முறுக்கி, புது டேப் சுற்றினால் நெட் எழுந்து உட்கார்ந்துவிடும். இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் அறுந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும்: டயல் டோன் செத்துவிடும், நெட் மட்டும் சில வீடுகளில் ஊர்ந்துகொண்டே இருக்கும். உயர் அதிர்வெண் அலை அறுந்த இடத்தையும் கொஞ்சம் தாண்டிப் போய்விடும் என்பதே காரணம். “போன் டெட், நெட் வருது” என்று சொன்னாலே அனுபவமுள்ள லைன்மேன் ஏணியோடு வருவார்.

அந்த மனிதர்களில் பலர் இன்று தெருவில் இல்லை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 78,000 பேருக்கும் மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தத் தெருவில் எந்த ஜாயிண்ட் நனையும் என்று காதாலேயே அறிந்திருந்த அனுபவமும் அவர்களோடு வெளியேறியது. அது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

இப்போது வீட்டுக்குள் வருவது கண்ணாடி இழை. அதற்குக் களிம்பும் கிடையாது, இடி மின்னலுக்குப் பயமும் கிடையாது. அறுந்தால், வீட்டில் இழை வந்து முடியும் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு சிமிட்டும். மேசைக்குப் பின்னால் கூர்மையாக மடங்கியோ முனையில் தூசி படிந்தோ இருந்தால் வெளிச்சம் குறையும், அதை டி.பி.எம். என்ற அலகில் அளந்துவிடலாம். மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் ஆபத்து. இதெல்லாம் நிறுவனத்துக்காரர் வந்து சரிசெய்வதே.

அன்று தெருவில் இருந்த கோளாறு இன்று வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. இழை முடியும் பெட்டியிலிருந்து மாடி அறைக்கோ, இரண்டாவது ரவுட்டருக்கோ, டிவிக்கோ போகும் அந்தப் பத்து இருபது மீட்டர் லேன் கேபிளில் அது இருக்கிறது. அது சத்தமே போடாது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 300 எம்பிபிஎஸ் திட்டம். கீழே பெட்டிக்குப் பக்கத்தில் சோதித்தால் 300 வருகிறது. மாடியில் கேபிள் வழியாக வைத்த ரவுட்டரில் 94. எத்தனை முறை பார்த்தாலும் 93, 94, 95. வைஃபை கோளாறு என்றால் எண் ஏறி இறங்கும். இப்படி 90க்கும் 95க்கும் நடுவில் ஆணியடித்தாற்போல் நின்றால், அந்த கேபிளில் 100 எம்பிபிஎஸ்தான் ஓடுகிறது என்று பொருள். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் என்று இரண்டு ஜோடி போதும். 1,000க்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தால், பல கருவிகள் யாரிடமும் சொல்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். யூடியூப் ஓடுகிறது, வீடியோ கால் வருகிறது, யாருக்குச் சந்தேகம் வரும்? பலரும் 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறி, அதிகப் பணம் கட்டி, அதே 94ஐ வாங்குகிறார்கள். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

இன்னொரு கோளாறு இதைவிட நுட்பமானது. ஜோடிக் கம்பியை முறுக்கினால் இரைச்சல் குறையும் என்பதற்கு கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். அன்றைய போன் கேபிளும் இன்றைய கேட் 6 கேபிளும் அந்த முறுக்கை நம்பியே இருக்கின்றன. கேபிள் முனையில் கனெக்டரை அழுத்தி மாட்டும் கிரிம்பிங் வேலையைச் செய்பவர் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று வரிசையாக அடுக்கிவிட்டால், இரண்டு முனையிலும் அப்படியே இருப்பதால் மலிவு டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை பச்சை விளக்கு எரியும். ஆனால் 3ஆம், 6ஆம் கம்பிகள் ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை வைக்கிறார்கள். அது தவறினால் முறுக்கு வீணாகி, ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலக்கும்.

கேபிளே போலியாகவும் இருக்கலாம். விலை குறைவாகக் கிடைப்பதில் நிறைய சி.சி.ஏ. ரகம்: அலுமினியத்துக்குச் செம்பு முலாம். மின்தடை சுத்தச் செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வளைத்தால் சட்டென ஒடியும். கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

இந்தக் கேபிளுக்கு யார் பொறுப்பு? நெட் கொடுப்பவர், “எங்க பெட்டி வரைக்கும் ஸ்பீடு சரியா இருக்கு சார்” என்பார். அவர் சொல்வது உண்மை. கேபிள் இழுத்த எலக்ட்ரீஷியன் கிரகப்பிரவேசத்தோடு போய்விட்டார். ஆகவே லைன்மேன் தெருவில் செய்ததை நாமே வீட்டுக்குள் செய்ய வேண்டியிருக்கிறது. லேப்டாப்பைப் பெட்டியில் நேரடியாக நல்ல கேபிளால் மாட்டி, இணைப்பு வேகம் 1,000 என்று காட்டுகிறதா பாருங்கள். பிறகு அதே லேப்டாப், மாடி முனையில். அங்கே 100 என்றால் முதலில் இரண்டு முனைகளிலும் கனெக்டரை வெட்டி, வரிசை பார்த்துப் புதிதாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேபிளை மாற்ற வேண்டியதுதான்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது கூடுதலாக: பூச்சு வேலைக்கு முன்பே, கரண்ட் ஒயர் போகும் பைப்போடு சேர்க்காமல், லேன் கேபிளுக்கென்று தனி பைப் போடச் சொல்லுங்கள். சுத்தச் செம்பு கேட் 6 என்று கேட்டு வாங்கி, கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள். கூடவே ஒரு நைலான் கயிறும் அந்தப் பைப்பில் கிடக்கட்டும். பின்னால் கேபிள் மாற்ற நேர்ந்தால் சுவரை உடைக்காமல் இழுத்துவிடலாம்.