ஒரே ஒரு சொல்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கவிதைப் போட்டிக்கு வந்த படைப்புகளைத் திரட்டி வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கெடு முடிந்த மறுநாள் காலையில் நண்பர் ஒருவர் என் அறைக் கதவைத் தட்டினார். "ஒரே ஒரு சொல்தான், அண்ணா! அதை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று மன்றாடினார். இரவெல்லாம் விழித்திருந்து கண்டுபிடித்த சொல்லாம். உள்ளபடியே நல்ல சொல்தான். ஆயினும் மறுத்துவிட்டேன். அன்று முதல் அவர் என்னுடன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அன்று நின்ற நிலையில் சொல்ல இயலாத காரணங்களை இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

திறமையை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் ஆகாது. காலத்தை மட்டும் அப்படிக் கொடுக்கலாம். ஒருவருக்கு ஓர் இரவு கூடுதலாகக் கொடுத்தால், கெடுவுக்குள் முடித்துக் கொடுத்த மற்றவர்களுக்கு ஓர் இரவைக் குறைத்ததாகத்தானே பொருள்?

இத்தாலியில் நடந்த ஒரு போட்டி இதை நன்கு விளக்கும். 1401-ஆம் ஆண்டு புளோரன்ஸ் நகரத்து ஞானஸ்நான ஆலயத்துக்கு வெண்கலக் கதவுகள் செய்விக்கத் துணி வணிகர் சங்கத்தார் போட்டி வைத்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட சிற்பிகள் எழுவர். ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சியை ஒவ்வொருவரும் ஒரு வெண்கலப் பலகையில் வடிக்க வேண்டும். ஓராண்டு அவகாசம். உலோகத்தையும் அளந்தே கொடுத்தார்கள். கிபெர்ட்டி என்ற இளைஞர் தம் வேலையை ஊராருக்கும் கலை அறிந்த வெளியூராருக்கும் காட்டி, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே வந்தார் என்றும், மற்றவர்கள் மறைவாகவே வேலை செய்தனர் என்றும் வாசாரி எழுதுகிறார். முடிவில் கதவு வேலை கிபெர்ட்டிக்கே கிடைத்தது.

மெழுகாக இருக்கும்வரை எத்தனை முறையும் திருத்தலாம். வெண்கலமாக வார்த்து ஒப்படைத்த பின் உருவம் நின்றுவிடும். காகிதத்துக்கு அந்த உறுதி இல்லை. அதனால்தான் விதி அந்த உறுதியைத் தருகிறது.

இரண்டாவது காரணம் நடுவர்களைப் பற்றியது. மூவர் மூன்று இடங்களில் வெவ்வேறு நாட்களில் படிக்கிறார்கள். ஒருவர் பழைய பாடத்துக்கும் மற்றொருவர் புதிய பாடத்துக்கும் மதிப்பெண் இட்டால், நாம் கூட்டுவது இரு வேறு கவிதைகளின் மதிப்பெண்களை அன்றோ? மேலும், கெடு முடிந்ததும் விடுதியில் ஒருவர் கவிதையை மற்றவர் கேட்டுவிடுகிறார். அதன் பின் செய்யும் திருத்தம் தம் சிந்தனையில் மட்டும் விளைந்தது என்று யாரால் உறுதி கூற முடியும்?

"ஒரு சொல்தானே" என்பார்கள். அந்தச் சொல் அற்பமானால் மாற்றத் தேவையில்லை. கவிதையையே உயர்த்துவதானால் மாற்ற விடுவது நியாயமில்லை. எது சிறிய திருத்தம், எது பெரியது என்று தீர்ப்பளிக்க நான் யார்? இவ்விதி எழுதியவரின் கையை மட்டுமன்று, வாங்கி வைப்பவரின் கையையும் கட்டுகிறது. கொடுத்தவரே தொட முடியாத தாளை நானும் தொட முடியாது. அந்த வகையில் அது என் நண்பருக்கும் காவல்தான்.

இந்தத் தடை என்றென்றைக்கும் உரியதன்று. புளோரன்ஸில் போட்டி முடிந்த பிறகு பொருளையே மாற்றினார்கள். பழைய ஏற்பாட்டுக் காட்சிகளுக்குப் பதிலாகக் கிறிஸ்துவின் வாழ்க்கையை அமைக்கச் சொன்னார்கள். 28 பலகைகள் கொண்ட அக்கதவுகள் 1424-இல் நிறுவப்பட்டன. வெற்றி தேடித் தந்த ஈசாக்குப் பலகை அவற்றில் இடம்பெறவில்லை. இன்று அது பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நண்பரின் கவிதைக்குப் பரிசு கிடைக்கவில்லை. அந்தச் சொல் இருந்திருந்தால் கிடைத்திருக்குமோ என்ற எண்ணம் எனக்கும் உறுத்தாமல் இல்லை. புதிய சொல்லுடன் அவர் அதை இவ்விதழுக்கு அனுப்பினால், மகிழ்ந்து வெளியிடும்படி ஆசிரியரிடம் நானே பரிந்துரைப்பேன். இவ்வாண்டுப் போட்டிக்கு எழுதுவோருக்கு ஒன்று சொல்வேன்: கெடுவுக்கு நான்கு நாள் முன்பே முடித்து, நண்பர்களிடம் படித்துக் காட்டுங்கள். மெழுகு இளகியிருக்கும்போதே அந்த ஒரு சொல்லைத் தேடிவிடுங்கள்.