பத்துமலைச் சிலந்தியின் வம்சாவளி

பத்துமலையில் 272 படிகளையும் ஏறி முடிப்பதற்குச் சற்று முன்னால், இடப்பக்கம் இருட்டுக் குகைக்கு வழி பிரிகிறது. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானோர் அதைக் கடந்துதான் முருகனைப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் குகைச் சுவரில் ஒரு கதவுச் சிலந்தி வாழ்கிறது. பட்டிழையால் குழாய்க்கூடு, அதன் வாயில் ஒரு மூடி, மூடியைச் சுற்றி விரித்துவிட்ட சில நூல்கள். பூச்சி நூலை மிதித்தால் அதிர்வு உள்ளே எட்டும். சிலந்தி மூடியைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து அதைப் பிடித்துவிடும். 1923இல் இதற்கு லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்று பெயரிட்டார்கள்.

அதன் வயிற்றின்மேல் வரிசையாகத் தகடுகள் உண்டு. வீட்டுச் சிலந்திக்கு அவை கிடையாது. நூல் நூற்கும் உறுப்பும் பின்முனையில் இல்லை, அடிவயிற்றின் நடுவில் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தின் ஆழம் ஒன்ஜூம் என்ற இலவச இணையதளத்தில் தெரியும். ஜேம்ஸ் ரோசிண்டெல், யான் வோங் இருவரும் உருவாக்கிய இதில் 22 லட்சம் உயிரினங்கள் ஒரே மரமாக விரிகின்றன. இலை ஒவ்வொன்றும் ஓர் உயிரினம். கிளை பிரியுமிடம் பொது மூதாதை. லிஃபிஸ்டியஸைத் தேடி எடுத்து, அங்கிருந்து மெல்லப் பின்வாங்கிப் பாருங்கள். சிலந்திகளின் முதல் பிரிவு வரும். ஒருபுறம் இதன் சிறு குடும்பம், மறுபுறம் உலகின் மற்ற 50,000 வகைச் சிலந்திகள். பிரிந்தது 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. டைனோசர்கள் அப்போது இல்லை. பள்ளிப் பாடநூலின் எந்தப் படமும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

மரத்தைப் பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை. 2008இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்டின் செயலியில் பிரிக்ஃபீல்ட்ஸ் காக்காவைக்கூடப் படமெடுத்துப் போடலாம். செயலி ஒரு பெயரைச் சொல்லும், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். உறுதியான பதிவுகள் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்குப் போய், ஆய்வாளர்கள் கைக்குக் கிடைக்கும். காக்காதானே என்று விட்டுவிடாதீர்கள். காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்க 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. அன்று யாரோ எழுதிவைத்ததால்தான் அது வந்த வழி நமக்குத் தெரிகிறது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் எது பரவுகிறது, எது குறைகிறது என்பதற்கும் பதிவு வேண்டும்.

குகைச் சிலந்தி போன்ற அரிய உயிரினமானால் பதிவேற்றும்போது இடத்தை மறைத்துவிடுங்கள். செயலியிலேயே அதற்கு வசதி உண்டு. பிடித்து விற்பவர்களும் வரைபடம் பார்க்கிறார்கள்.