பருந்துக்கு எட்டாத குஞ்சு

புறக்கடையில் திரியவிட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிக்கு முதல் இரண்டு மாதம்தான் கண்டம். அன்று பொரித்த குஞ்சு 30 கிராம் அளவில்தான் இருக்கும். பருந்தின் காலுக்கு அது ஒரு சுமையே அல்ல. குஞ்சு அரைக்கிலோவை நெருங்கிவிட்டால் கதை மாறும். நம் ஊர்ப் பருந்துகள் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை கொண்டவை. தன் எடையில் பாதியைத் தூக்கிக்கொண்டு மேலெழும்புவதே அவற்றுக்குப் பெரும்பாடு. ஆகவே பருந்துக் காவல் என்பது பெரும்பாலும் குஞ்சுக் காவல்தான்.

தமிழ்நாட்டில் குஞ்சு தூக்கும் பகல் பறவைகளில் முக்கியமானவை மூன்று. ஊருக்கு மேல் வட்டமிடும் பழுப்பு நிறக் கள்ளப்பருந்தை அதன் பிளவுபட்ட வாலைக் கொண்டு அடையாளம் காணலாம். வெண்தலையும் செந்நிற உடலும் கொண்ட செம்பருந்துக்கு மீனும் நண்டும்தான் முதன்மை இரை என்றாலும், குளத்தங்கரை, கடற்கரை ஊர்களில் அது குஞ்சையும் விடுவதில்லை. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் அதன்மேல் கல்லெறியவும் தயங்குவார்கள். மூன்றாவது வல்லூறு, வைரி என்றும் சொல்வதுண்டு. புறா அளவே இருக்கும் இதுதான் மூன்றிலும் தந்திரமானது. வானில் வட்டமிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் வேம்பிலோ புளியிலோ இலைகளுக்குள் அசையாமல் அமர்ந்திருந்து, தாழப் பறந்து வந்து அடிக்கும். வானத்தை மட்டும் பார்த்துக் காவல் இருப்பவர்கள் ஏமாறுவது இதனிடம்தான்.

ஒரு குஞ்சு குறைந்தால் பழியைப் பருந்தின்மேல் போடும்முன் தடயம் பார்ப்பது நல்லது. பகலில், சத்தம் கேட்ட மறுகணம், ஒரு தடயமும் இல்லாமல் போயிருந்தால் பருந்தாக இருக்கலாம், காகமாகவும் இருக்கலாம். பிடுங்கிய இறகுகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் வல்லூறை நினைக்கலாம். இரவில் கூட்டுக்குள்ளிருந்தே காணாமல் போயிருந்தால் அது பாம்பு, பெருச்சாளி, மரநாய் போன்றவற்றின் வேலை. அதற்கு வானத்தில் வலை கட்டிப் பயனில்லை. கூட்டின் ஓட்டையைத்தான் அடைக்க வேண்டும்.

கோழிக்கு இயல்பாகவே ஒரு காவல் முறை உண்டு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்ப்பது அதன் வழக்கம். மேலே பருந்து தெரிந்தால் மெல்லிய, நீண்ட கீச்சொலி எழுப்பும். தரையில் நாயோ கீரியோ வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். இந்த இரண்டு ஒலிகளும் வெவ்வேறு செய்திகள் என்பதைக் கிறிஸ் எவன்ஸ், பீட்டர் மார்லர் முதலிய ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுகளைக் கொண்டு சோதித்து 1993-இல் வெளியிட்டார்கள். எதிரியைக் காட்டாமல் பதிவான ஒலியை மட்டும் கேட்க வைத்தபோதே பெட்டைக்கோழிகள் சரியாக நடந்துகொண்டன. வான் எச்சரிக்கைக்கு மறைவிடம் தேடி ஓடின, அல்லது பதுங்கின. தரை எச்சரிக்கைக்குக் கழுத்தை நீட்டி நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தன.

வளர்ப்பவர் கவனிக்க வேண்டியது இதைத்தான். எச்சரிக்கை கேட்டதும் ஓடுவதற்குக் கோழி ஆயத்தமாக இருக்கிறது. ஓடி ஒளிய இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. பெருக்கித் துடைத்தாற்போன்ற வெட்டவெளி முற்றத்தில் எவ்வளவு சூட்டிகையான கோழியும் நின்ற இடத்திலேயே பதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அடைகாத்துப் பொரித்த தாய்க்கோழி குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் எகிறிப் பருந்தை அடிக்கவும் செய்யும். சிறுவிடைக் கோழியை இன்றும் பலர் விரும்புவதற்கு அதன் தாய்மைக் குணமும் ஒரு காரணம். பொரிப்பகத்திலிருந்து வாங்கிவரும் குஞ்சுகளுக்கு இந்தக் காவல் கிடையாது. அவற்றை ஆறு முதல் எட்டு வாரம்வரை கூரையுள்ள அடைப்புக்குள் வளர்த்த பிறகே வெளியே விட வேண்டும். நடுவில் இரக்கப்பட்டுத் திறந்துவிடுவது பருந்துக்குப் பந்தி வைப்பதுதான்.

மறைவிடம் அமைக்கப் பெரிய செலவு இல்லை. மூங்கில் பஞ்சாரம் இதற்கென்றே உருவான பழைய கருவி. தாயையும் குஞ்சுகளையும் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டு ஆள் வயலுக்குப் போய்வரலாம். வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தி வைக்கலாம். முற்றத்தின் ஓரங்களில் எலுமிச்சை, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று தாழக் கிளைக்கும் செடிகளை வைக்கலாம். புடலை, பாகல், கோவைப் பந்தல் இன்னும் நல்லது: மேலே காய், கீழே நிழல், பருந்தின் கண்ணுக்குத் திரை. முருங்கை இந்த வேலைக்கு உதவாது; அதன் இலையடர்த்தி போதாது. செடி வளரும்வரை பழைய கதவையோ தகரத்தையோ செங்கல்மேல் சாய்த்து வைத்தாலும் போதும். மேயும் இடத்தில் எங்கு நின்றாலும் சில தாவலில் எட்டும்படி இத்தகைய ஒளிவிடங்கள் பல இருக்க வேண்டும். தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியில்தான் வைக்க வேண்டும். குஞ்சுகள் கூட்டமாக, குனிந்த தலையோடு நிற்பது அங்கேதான்.

முழுப் பாதுகாப்பு தருவது வலை ஒன்றுதான். அடைப்பின் மேற்புறம் முழுவதையும் நைலான் வலையாலோ, கடற்கரை ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் பழைய மீன்வலையாலோ மூடலாம். பருந்தைத் தடுக்க இரண்டு அங்குலக் கண்ணி போதும். சிறிய வல்லூறுக்கு ஓர் அங்குலம் வேண்டும். தொங்கும் வலையில் பறவைகள் சிக்கிக்கொள்ளும், ஆகையால் இழுத்துக் கட்ட வேண்டும். வலை போட முடியாத பெரிய இடத்தில் கம்பங்களுக்கிடையே தூண்டில் நரம்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவதுண்டு. மேலிருந்து பாயும் பருந்தை இது ஓரளவு தயங்க வைக்கும். தாழப் பறந்து வரும் வல்லூறிடம் அவ்வளவாகப் பலிக்காது.

பளபளக்கும் பழைய சிடி, கேசட் நாடா, வைக்கோல் பொம்மை எல்லாம் சில நாள் வித்தைகள். அசையாத எதையும் பருந்து விரைவில் புரிந்துகொள்ளும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் கூடுதலாக உதவும். உயிருள்ள காவல் அதைவிட மேல். கோழியோடு பழகிய நாய் முற்றத்தில் படுத்திருந்தாலே பருந்து இறங்கத் தயங்கும். கினிக்கோழி ஊரைக் கூட்டிவிடும். அருகிலுள்ள மரத்தில் கரிச்சான் கூடு கட்டினால் அதைக் கலைக்கக் கூடாது. தன் எல்லைக்குள் வரும் பருந்தையும் காகத்தையும் அந்தச் சிறு பறவை முதுகில் கொத்தியே துரத்தும்.

ஆபத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மார்கழி தொடங்கிக் கோடைவரை பருந்துகளும் வல்லூறுகளும் குஞ்சு பொரிக்கும் காலம். கூட்டில் வாய்கள் காத்திருப்பதால் வேட்டையும் கூடும். மீன் கழிவையும் கோழிக் குடலையும் முற்றத்தில் வீசுகிற வீடு, பருந்தைத் தானே அழைத்துப் பழக்குகிற வீடு. கழிவைப் புதைத்துவிட வேண்டும்.

பருந்தைக் கொல்வதும் பிடிப்பதும், கூட்டையும் முட்டையையும் அழிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொன்றாலும் ஆதாயம் இல்லை. காலியான எல்லைக்கு இன்னொரு பருந்து வந்துவிடும். குருணை மருந்து கலந்த இறைச்சியை வைத்தால் நாய், காகம், சில நேரம் சொந்தக் கோழியுமே சாகும். வலையில் பருந்து சிக்கிக்கொண்டால் தடித்த துணியை அதன் தலைமேல் போர்த்தினால் அடங்கிவிடும். அதன் கால் நகங்களுக்குக் கை எட்டாதபடி பிடித்துக்கொண்டு வலையை அறுத்துப் பறக்கவிடலாம். சிறகு ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.