மளிகைக் கடைக்காரருக்கு ஏன் ஓட்டுப் போடலாம்?

உள்ளாட்சித் தேர்தலில் கடை வைத்திருப்பவர் ஒருவர் நின்றால், அவருடைய நோட்டீஸில் ஒரு வாதம் பெரும்பாலும் இருக்கும்: கடையை நஷ்டமில்லாமல் நடத்தியவனுக்கு ஊரையும் நடத்தத் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடமுள்ள தகுதிகளிலேயே பலவீனமானது இதுதான். கடைக்காரர் விற்காத சரக்கை வாங்குவதை நிறுத்திவிடலாம். பாக்கி தீர்க்காதவரிடம் இனி கடன் இல்லை என்று சொல்லிவிடலாம். பேரூராட்சியோ வரி கட்டாத தெருவிலும் குப்பை அள்ளியாக வேண்டும், தண்ணீர் விட்டாக வேண்டும். அதன் பணமும் முழுக்க அதன் கையில் இல்லை. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறது. சிறிய ஊர்கள் அதை எதிர்பார்த்தே வரவு செலவு போடுகின்றன. கோப்பும் கையெழுத்தும் ஆணையரிடம் அல்லது செயல் அலுவலரிடம் இருக்கின்றன. கவுன்சிலர் நிர்வாகி அல்ல, அவர் கேள்வி கேட்பவர், தீர்மானத்துக்குக் கை தூக்குபவர். கடை நடத்தும் திறமை அங்கே எடுபட இடம் குறைவு.

அப்படியானால் அவருக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும்? அவர் இருக்கும் இடம் தெரியும் என்பதற்காக. காலை ஏழு மணிக்கு ஷட்டர் தூக்கியதிலிருந்து இரவு பத்து மணிவரை அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். தெருவிளக்கு எரியாத வீட்டுக்காரர் அடுத்த நாள் பால் வாங்க அதே கடைக்குத்தான் வருவார். கடைக்காரரைச் சந்திக்க முன்அனுமதியோ இடைத்தரகரோ தேவையில்லை. இதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் மொத்தம் 12,838 வார்டுகள். அவற்றில் 7,621 வார்டுகள், அதாவது பாதிக்கும் மேல், 490 பேரூராட்சிகளில் இருந்தன. சராசரியாக ஒரு பேரூராட்சிக்குப் பதினைந்துக்கு மேற்பட்ட வார்டுகள். ஊரில் பதினைந்தாயிரம் பேர் இருந்தால் கவுன்சிலர் ஒருவருக்குச் சுமார் ஆயிரம் பேர். சென்னையில் 200 வார்டுகள், ஒவ்வொன்றிலும் முப்பதாயிரத்துக்கு மேல் மக்கள். அங்கே ஒரு கடையின் கல்லா வார்டு முழுவதற்கும் காது கொடுக்க முடியாது. ஆகவே என் வாதம் பேரூராட்சிக்கும் சிறிய நகராட்சிக்கும் பொருந்துகிற அளவுக்கு மாநகராட்சிக்குப் பொருந்தாது.

உலக அளவில் பெயர் தெரிந்த மளிகைக் கடைக் கவுன்சிலர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் கிரந்தம் ஊரில் இரண்டு கடைகள் வைத்திருந்த ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ், மார்கரெட் தாட்சரின் தந்தை. 1927-ல் சுயேச்சையாக நகர மன்றத்துக்குப் போனார். நிதிக் குழுத் தலைவரானார். 1945-46-ல் மேயராக இருந்தார். கையை இறுக்கிப் பிடித்து உள்ளூர் வரியைக் குறைவாக வைத்தவர் என்று பெயர். மகள் பின்னாளில் பிரதமரானபோது, கடைக் கணக்கும் நாட்டுக் கணக்கும் ஒன்றே என்ற பாடத்தை அந்த வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். அது தவறான பாடம் என்றே பல பொருளாதார அறிஞர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: ராபர்ட்ஸின் கடைகளில் ஒன்று துணை அஞ்சலகமாகவும் இருந்தது, குடும்பம் அதன் மாடியில் குடியிருந்தது. ஊர் முழுக்க ஏதோ ஒரு காரியமாக அந்தப் படியேறியது. கால் நூற்றாண்டு அவர் மன்றத்தில் நீடித்ததற்குச் சிக்கனத்தைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்ற பின், 1952-ல் அவருடைய ஆல்டர்மன் பதவி போயிற்று. அந்தப் பதவியை நிரப்பியது மன்றம், வாக்காளர்கள் அல்ல. நம் ஊரிலும் வார்டு மக்கள் கையில்; மேயர், தலைவர் நாற்காலிகள் மன்றத்தின் கையில், அதாவது கட்சிகளின் கையில்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது, சுயநலம். கடைக்காரர் கட்டும் சொத்து வரி, தொழில் வரி, தொழில் உரிமக் கட்டணம், நகராட்சிக் கடையாக இருந்தால் வாடகை, எல்லாமே அவர் போகும் மன்றத்தில் பேசப்படுபவை. 2022-ல் புதிய மன்றங்கள் பதவியேற்ற ஒரு மாதத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. குடியிருப்புகளுக்குப் பரப்புக்கு ஏற்ற விகிதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம், சென்னையின் பழைய பகுதிகளில் 150. பதினைந்தாவது நிதிக் குழுவின் நிபந்தனையை அரசு காரணமாகக் காட்டியது. கடை வைத்திருக்கும் கவுன்சிலர் தன் கடையின் வரியை இரட்டிப்பாக்கும் தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டிய நிலை. மன்றத்தின் ஒப்பந்தத்தில் பங்கு வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது, சொந்தப் பண நலன் சேர்ந்த விஷயத்தில் வாக்களிக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கடைத்தெரு முழுவதற்கும் பொதுவான நலனை அது பிடிக்காது. ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மன்றத்தில் நலன் இல்லாதவர் யார்? மனை வியாபாரம் செய்பவருக்கு நில வரைபடத்தில் நலன். உறவினர் பெயரில் டெண்டர் எடுப்பவருக்குச் சாலையில் நலன். அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைக்காரரின் நலனுக்குப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. அவர் எதற்கு எதிராகப் பேசினாலும் ஏன் பேசுகிறார் என்று தெருவுக்குத் தெரியும். தள்ளுவண்டிக்காரர்களை விரட்டச் சொன்னால் அதுவும் தெரியும்; அவர்களுக்காக 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் தனியாக நகர விற்பனைக் குழுவை அமைக்கச் சொல்லி, அதில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடத்தை அவர்களுக்கே தந்திருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. பெரும்பாலும் யாரும் இதை எழுப்புவதில்லை. கடைக்காரரால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா? சாக்கடை மேல் சிமென்ட் போட்டு வாசலை நீட்டியவர் அவருடைய வாடிக்கையாளர். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுபவர் மாதக் கணக்கு வைத்திருப்பவர். கடன் நோட்டால் வாக்காளர்களை வளைத்துவிடுவார் என்று பயப்படுகிறோம். நடைமுறையில் அந்த நோட்டு அவரைத்தான் அதிகம் கட்டிப்போடும். பெரிய வணிகருக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஈரோட்டில் செல்வாக்கான மண்டிக் குடும்பத்திலிருந்து நகராட்சித் தலைவரான பெரியார், காவிரி நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றார். எதிர்ப்பைத் தாங்க வசதி இருந்தது, வரி கட்டும் சிலருக்கே ஓட்டிருந்த காலம் அது. இன்றைய சிறு கடைக்காரர் ஐம்பது ரூபாய் வியாபாரங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறார். ஆக்கிரமிப்பு அகற்றுவதில் அவர் மௌனமாக இருப்பார் என்றே எதிர்பார்க்க வேண்டும். அந்த வேலையை அதிகாரிகளும் நீதிமன்றமும்தான் செய்யும். விளக்கு, குழாய், குப்பை, சாக்கடை அடைப்பு ஆகிய நாலிலும் அவர் சரியாக இருந்தால் பேரூராட்சி வார்டுக்கு முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிக்கு அவரை நம்பாமல் இருப்பதே நல்லது.

மூன்றாவது, நேரம். 2023 முதல் பேரூராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 2,500 ரூபாய், நகராட்சியில் 5,000, மாநகராட்சியில் 10,000 மதிப்பூதியம் உண்டு. கூட்டத்துக்குப் போகும் நாளில் கல்லாவில் யாராவது உட்கார வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் மனைவி. தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்படும்போது மனைவி வேட்பாளராகவும், கணவர் கவுன்சிலராகவும் இருக்கும் விசித்திரம் நடக்கிறது. இதைச் சொல்லி ஒதுக்கீட்டைக் கேலி செய்பவர்கள் பக்கத்துத் தெருவைப் பார்ப்பதில்லை. இட்லி மாவு விற்பவர், தையல் கடை வைத்திருப்பவர், டிபன் கடை நடத்துபவர் எனச் சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்குக் கணவரின் கல்லா தேவையில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதி, வங்கி மேலாளரிடம் வாதாடிப் பழகியவர்கள் அவர்களில் பலர். நான் சொல்லும் தகுதி, அதாவது எட்டும் தூரத்தில் இருப்பது, மளிகைக் கடை முதலாளியைவிட இவர்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. கட்சிகள் இவர்களைத் தேடிப் போவதில்லை, ஏனெனில் செலவு செய்ய இவர்களிடம் பணமில்லை.

2022-ல் பதவியேற்ற நகர்ப்புற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த முறை கடைக்காரர் ஒருவர் கும்பிட்டுக்கொண்டு வந்தால், ஊரை எப்படி நடத்துவார் என்று அவரிடம் கேட்க வேண்டாம். கடையின் சொத்து வரி ரசீது, உரிமம், நகராட்சிக் கடை என்றால் வாடகை ரசீது, இவை மூன்றையும் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லலாம். வென்ற பின், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தைத் தன் கடை வாசலில் வைக்காமல் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ வைப்பாரா என்று கேட்கலாம். கடன் பாக்கி உள்ளவர்களும் தைரியமாகப் பேச வேண்டுமே.