பொய்யிரையில் காற்றுக் குமிழ்

புனே நகரின் முளா-முட்டா ஆற்றில் வாழ்ந்த மீனொன்றை 1839-ஆம் ஆண்டில் சைக்ஸ் என்ற ஆங்கிலேயர் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். தக்காண மகசீர் எனப்படும் அம்மீன் தூண்டிற்காரரின் பெருவிருப்புக்குரியது. இத்தகைய ஆற்று மீன்களைக் கவர, புழுவைப் போலவும் சிறுமீனைப் போலவும் மென்பிளாஸ்டிக்கில் பொய்யிரை வார்ப்போர் உளர். வீட்டில் வார்ப்போர்க்குப் பெருந்தொல்லை தருவது காற்றுக் குமிழாகும். குமிழுள்ள இரை நீரில் நேராக நில்லாது. முள் கோத்த இடத்தில் எளிதில் கிழியும். அதனினும் முக்கியமாக, சில குமிழ்கள் நச்சுவாயுவின் அறிகுறியாகும்.

இரைக்குரிய மூலப்பொருள் பிளாஸ்டிசால் என்னும் பால் போன்ற திரவம். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கின் நுண்தூளை, அதனை இளக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து இதனை ஆக்குகின்றனர். இதற்கேற்ற பசைவகைத் தூள் நம் நாட்டில் மேட்டூரில் உற்பத்தியாகிறது. சூடேற்றும்போது தூள் திரவத்தை உறிஞ்சிக் கெட்டியாகும்; ஏறத்தாழ 175 டிகிரி சென்டிகிரேடில் உருகித் தெளிந்து வார்க்கத்தக்க நிலையை அடையும்.

குமிழ்கள் மூவகையில் பிறக்கின்றன. கலக்கும்போது அகப்படும் காற்று ஒன்று; ஈரம் நீராவியாவது மற்றொன்று; மிகையான சூட்டில் பிளாஸ்டிக் சிதைந்து வாயுவாவது மூன்றாவது. மூன்றுக்கும் பரிகாரம் வேறு வேறாதலின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

காற்றைத் தடுக்கத் திரவத்தை மெல்லக் கலக்க வேண்டும். கரண்டியை மேற்பரப்புக்கு மேலே எடுக்கலாகாது. குமிழின் குறுக்களவு பாதியானால் அது மேலெழும் வேகம் நாலில் ஒன்றாகக் குறையும். ஆகவே பெருங்குமிழ் விரைவில் வெளியேற, சிறுகுமிழ் உள்ளேயே தங்கிவிடுகிறது. அதனை வெளியேற்ற வெற்றிடப் பம்பு உதவும். அழுத்தம் குறையும்போது குமிழ் பருத்து எளிதில் மேலெழும். சூடேற்றுமுன், குளிர்ந்த நிலையிலேயே இதனைச் செய்தல் நன்று. நுரை பொங்குமாதலால் கலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. சாதாரணக் கண்ணாடிச் சீசா உள்நோக்கி நொறுங்கக்கூடும். இதற்கென அமைந்த கலமே தேவை.

புனே கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர் பாதரச அளவே. ஆகவே சென்னையில் 76 வரை செல்லக்கூடிய வெற்றிட அளவியின் முள் புனேயில் 71-ஐத் தாண்டாது. பம்பு பழுதென ஐயுற வேண்டுவதில்லை.

ஈரம் இதனினும் அபாயகரமானது. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. ஒரு துளியும் கொதிக்கும் பிளாஸ்டிக்கை வெளியே தெறிக்கச் செய்யும். மழைக்காலத்தில் உப்புத் தூளும் வண்ணத் தூளும் ஈரம் உறிஞ்சுமாதலால் அவற்றை உலர்த்தியே சேர்க்க வேண்டும். பாரிஸ் சாந்து அச்சாயின், முற்றும் உலர்த்தி, சூட்டைத் தாங்கும் பூச்சினால் நுண்துளைகளை அடைத்தல் அவசியம்.

வார்க்கும்போது அச்சைச் சற்றே சாய்த்து, ஒரே முனையிலிருந்து மெல்லிய தாரையாக இடையறாது ஊற்றினால், உள்ளிருக்கும் காற்று மறுமுனை வழியே வெளியேறும். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குமாதலால் வாயிலில் சிறிது மிகுதியாக விட்டுவைக்க வேண்டும்; இல்லையேல் தோன்றும் குழியைக் குமிழென மயங்க நேரும்.

மூன்றாம் வகைக்குப் பரிகாரம் சூட்டைக் கட்டுப்படுத்தலே. உருகிய பொருள் மஞ்சளாகிப் பழுப்பேறி, காரமான நெடியும் புகையும் எழுந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறதென உணர்க. அது கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். பிளாஸ்டிக்கின் சிதைவையும் மேலும் விரைவுபடுத்தும். எஞ்சிய பொருளைத் திரும்பத் திரும்ப உருக்கினால் சிதைவைத் தடுக்கும் மருந்து தீர்ந்துபோகும். ஆகவே வெப்பமானியைக் கொண்டே சூட்டை அளந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து பணியாற்றுக. இதற்குப் பயன்பட்ட பாத்திரம் சமையலறைக்குத் திரும்பலாகாது.

தெளிந்த பிளாஸ்டிக்கில் குமிழ் தோன்றின் கலக்கிய முறையையும் ஈரத்தையும் ஆராய்க. நிறம் மாறிய பிளாஸ்டிக்கில் தோன்றின் உடனே சூட்டை நிறுத்திச் சாளரங்களைத் திறந்து, அறையைவிட்டு வெளியேறுக. அந்தப் பொருளை மீண்டும் வார்க்க முயலாதிருப்பதே அறிவுடைமையாகும்.